முப்பத்திரண்டாம் கட்டிலின் வலது கால்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு மாறுவதென்று முடிவானதும் முதலில் ஒரு குழு போட்டார்கள். குழு போடாமல் அங்கே பஞ்சைக்கூட நனைக்க மாட்டார்கள். நோயாளிகளை எந்த எண்ணை வைத்து அடையாளம் காண்பது என்பதுதான் குழுவின் முன்னால் இருந்த கேள்வி. ஒருவருக்கு இருக்கிற எண் இன்னொருவருக்கு இருக்கக் கூடாது, யாருக்கும் அது காலியாகவும் இருக்கக் கூடாது, அந்த எண்ணுக்கு பிரைமரி கீ என்று பெயர் என்று சிஸ்டம் சார் விளக்கினார். கம்ப்யூட்டர் பிரிவின் தலைவரான அவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிஸ்டம் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டிலும் அப்படித்தான் என்று பேச்சு.

பெயரை வைக்கலாமா என்றார் ஒருவர். ஒரே வார்டில் ஒரே பெயரில் நாலு பேர் படுத்திருந்தார்கள், சரிப்படவில்லை. போன் நம்பரை வைக்கலாமா என்றார் இன்னொருவர். அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒரே போனை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு நோயோடு வந்தார்கள், அதுவும் சரிப்படவில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் புதிதாக ஓர் எண் கொடுத்துவிட்டால் என்ன என்று ஓர் இளம் டாக்டர் கேட்டார். எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"இன்னும் எத்தனை பேர் வருவான்னு உனக்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார் ஆஸ்பத்திரியின் தலைமையில் இருந்த பெரிய டாக்டர். "அப்ப எண்ணும் முடிவே இல்லாம போய்க்கிட்டே இருக்கும். ஒரு நிர்வாகத்துக்கு அது அழகா? நோயாளி இன்னிக்கு வருவான், நாளைக்குப் போவான். சில பேர் ஒரேயடியாப் போயிடுவான். அவனை நம்பி ஒரு சிஸ்டத்தை நடத்த முடியுமா? நம்மகிட்ட நிலையா இருக்கறது கட்டில். இரும்புக் கட்டில். நம்பர் பெயின்ட்ல எழுதியிருக்கு. இத்தனை வருஷத்துல ஒரு கட்டிலாவது எழுந்து ஓடிப் போயிருக்கா, சொல்லு?"

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அன்றிலிருந்து நோயாளியின் பிரைமரி கீ அவர் படுத்திருக்கும் கட்டிலின் எண் என்று ஆயிற்று. இளம் டாக்டரை மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

முதல் வாரமே ஒரு சிக்கல் வந்தது. கட்டிலைவிட நோயாளிகள் அதிகம், மீதிப் பேர் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். தரைக்கு எண் கிடையாது. எண் காலியாக இருப்பவரைக் கம்ப்யூட்டர் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே தரையில் இருப்பவர்களுக்கு நோய் இல்லை என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்த மாதம் நோயாளிகளின் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததற்காகப் பெரிய டாக்டருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. தரையில் இருந்தவர்களில் சிலர் இருமிப் பார்த்தார்கள், யாரும் திரும்பவில்லை.

இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் அக்கா தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் பன்னும் பிரெட்டும் கட்டிக் கொடுப்பவள் அவள். வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், நாமும் அப்படியே கூப்பிடுவோம். புருஷன் டவுன் பஸ் டிரைவர். நாற்பத்தொரு வயது, கட்டுமஸ்தான உடம்பு, கொஞ்சம் வாய்க்கொழுப்பு, சிறுநீரகத்தில் ஒரு கல். வண்டி ஓட்டும்போதே வலி சுருட்டிப் பிடிக்க, பஸ்ஸை எப்படியோ ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துவிட்டான்.

அவனுக்கு முப்பத்தொன்றாம் கட்டில் கிடைத்தது. மருந்து எழுதிக்கொடுத்து, தண்ணீர் நிறையக் குடித்தால் கல் தானாக வெளியே வந்துவிடும் என்றார்கள். வந்திருக்கவும் வந்திருக்கும். ஆனால் அந்தக் கட்டிலுக்கு நேர் மேலே மொட்டைமாடித் தொட்டி கசிந்தது. சொட்டு ஒவ்வொன்றும் குறி பார்த்து டிரைவரின் நெற்றியில் விழுந்தது. தலையை அந்தப் பக்கம் வைத்தால் கழுத்தில் விழுந்தது.

பக்கத்தில் முப்பத்திரண்டாம் கட்டில் அன்று காலையில்தான் காலியாகியிருந்தது. அதில் இருந்தவர் ஒரு பெரியவர். சர்க்கரை முற்றிப் பாதம் கறுத்து அழுகி, வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிடுவதென்று நாள் குறித்திருந்தார்கள். அந்த நாள் வரைக்கும் அவர் காத்திருக்கவில்லை, செத்துப் போனார். உடம்பைப் பிணவறைக்குக் கொண்டுபோனார்கள், விரிப்பை மாற்றினார்கள். அக்கா வார்டு ஊழியரிடம் ஒரு பாக்கெட் பன்னை நீட்டி, "அண்ணே, கொஞ்சம் அந்தக் கட்டிலுக்கு மாத்தி விடுங்கண்ணே, பாவம், மூஞ்சியெல்லாம் நனையுது" என்று கெஞ்சினாள். அவரும் மாற்றிவிட்டார். நல்ல மனிதர்.

பகல் சாப்பாடாக உப்பும் சர்க்கரையும் இல்லாத கஞ்சி வந்தது. அதற்கு முன்னால் சிஸ்டர் ஊசியோடு வந்தார்.

"எனக்கு எதுக்கு ஊசி?" என்றான் டிரைவர்.

"சுகருக்குத்தான் தாத்தா. கையைக் காட்டுங்க."

"யாருக்கு யார் தாத்தா?"

அவன் கேட்டு முடிப்பதற்குள் ஊசி உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது, கை கால் உதறியது, கண் இருட்டியது. அக்கா பயந்துபோய்ப் பையில் மிச்சமிருந்த க்ரீம் பன்னை அவன் வாயில் திணித்தாள். அதனால்தான் பிழைத்தான். சிஸ்டர் தன் டேப்லெட்டில் இப்படிப் பதிவு செய்தார்: "32-க்கு ஊசி மிக நன்றாக வேலை செய்கிறது. 32 திருட்டுத்தனமாக இனிப்பு சாப்பிடுகிறார்."

"நாளன்னிக்குக் காலையில ஆபரேஷன்" என்று சிஸ்டர் அக்காவிடம் சொன்னார். "வலது கால், முட்டிக்குக் கீழ. முந்தின ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் குடுக்காதீங்க. முக்கியமா பன்."

டிரைவர் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"சிஸ்டர், வலது காலை எடுத்துட்டா நான் பிரேக்கை எதால மிதிப்பேன்?"

"அறுபத்தெட்டு வயசுல உங்களுக்கு எதுக்கு தாத்தா பிரேக்கு?"

அக்கா சிஸ்டரைத் தனியாக ஓர் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் கெட்டவர் இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"எனக்குத் தெரியாதா அக்கா? காலையில வரைக்கும் 31-ல படுத்துக்கிட்டு என்கிட்டயே வாயாடினவரு. எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? இதுக்கில்ல தெரியணும்" என்று டேப்லெட்டைக் காட்டினார். "நீங்க சிஸ்டம் சாரைப் பாருங்க."

"மறுபடி 31-க்கே மாத்தி விட்ருங்களேன் சிஸ்டர்."

"அதுல ஆள் வந்தாச்சு."

வந்துதான் இருந்தது. ஒரு குடோன் வாட்ச்மேன், ஒல்லியான மனிதர், நெஞ்சுச்சளி. சேர்க்கை கவுன்டரில் அவரை 31 என்று பதிய முயன்றபோது, "31 ஏற்கனவே இருக்கிறது" என்று கம்ப்யூட்டர் சொல்லியிருக்கிறது. ஏற்கனவே இருந்தால் திரும்ப எதற்கு டைப் அடிப்பது என்று கவுன்டர்காரர் அவரை அப்படியே படுக்க வைத்துவிட்டார். வாட்ச்மேனைச் சிறுநீரகக் கல் உள்ள டிரைவராக நினைத்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். இதற்குள் அவர் தலைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருந்ததால் சொட்டு நின்றிருந்தது. அவர் எதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை. "சின்ன வயசுல பஸ் ஓட்டணும்னு எனக்கு ரொம்ப ஆசைம்மா" என்று அக்காவிடம் சிரித்தார். பிறகு இருமினார். கல் இருப்பவருக்கு இருமல் வராது என்பதால் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

சிஸ்டம் சாரின் அறைதான் ஆஸ்பத்திரியிலேயே குளிரான இடம், பிணவறையைவிட ஒரு படி மேல். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கட்டில் நம்பர்?"

"அதாங்க சார் பிரச்சினையே. அவரு பேரைப் போட்டுப் பாருங்க. வயசு, கல்லு, எல்லாம் வரும்."

சிஸ்டம் சார் சிரித்தார். விவரம் தெரியாதவர்களிடம் அவருக்கு எப்போதும் ஒரு பிரியம்.

"பேருக்கு இன்டெக்ஸ் இல்லைம்மா. இன்டெக்ஸ்னா என்ன? தடியான புஸ்தகத்துல கடைசிப் பக்கத்துல, எந்த விஷயம் எத்தனாவது பக்கம்னு போட்டிருப்பான் பாருங்க, அது. அது இல்லேன்னா முதல் பக்கத்துலேர்ந்து ஒவ்வொரு வரியாப் படிச்சுக்கிட்டே வரணும். உங்க ஒருத்தருக்காக மெஷின் அத்தனை வரியையும் படிக்க உக்காந்தா, மொத்த ஆஸ்பத்திரியும் நிக்கும். அதனால பேரை வெச்சுத் தேடறதுக்குத் தடை."

"அப்ப பேருக்கும் ஒரு இன்டெக்ஸ் போடுங்க சார்."

"எல்லாத்துக்கும் போட்டா மெஷின் சுமை தாங்காதும்மா. ரெண்டே ரெண்டுதான் போட்டிருக்கோம். ஒண்ணு கட்டில் நம்பருக்கு. இன்னொண்ணு, எந்தப் பிரமுகர் எந்தத் தேதியில எந்தக் கட்டில் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாருங்கறதுக்கு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும். பாக்கறீங்களா?"

அவர் தட்டினார். வந்துவிட்டது. பழச்சாறு டம்ளரோடு யாரோ ஒருவர் ஏதோ ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். படுத்திருந்தவரின் தலை படத்தில் இல்லை.

"சார், முப்பத்திரண்டுல இருந்த பெரியவரு செத்துட்டாரு சார். அந்த வரியையாவது அழிச்சிடுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"முடியாதும்மா. அந்த வரியை நம்பி இன்னொரு வரி இருக்கே. ஆபரேஷன் பாக்கின்னு. சொந்தக்காரங்க சம்மதக் கையெழுத்தோட. கீழ ஒரு பாக்கி இருக்கற வரைக்கும் மேல இருக்கற வரியை அழிக்க சிஸ்டம் விடாது. ஆபரேஷன் முடியட்டும், பாக்கி தீந்துடும், உடனே அழிச்சுத் தர்றேன். என் பொறுப்பு."

"காலை வெட்டினதுக்கு அப்புறமா சார்?"

"அப்பத்தானே பாக்கி தீரும்" என்றார் சிஸ்டம் சார். அவருக்கு இதில் என்ன குழப்பம் என்று உண்மையிலேயே புரியவில்லை.

அக்கா வெளியே வந்து அவசர உதவி எண்ணுக்கு போன் போட்டாள். புருஷனின் காலை வெட்டப் போகிறார்கள் என்று அழுதாள். அவர்கள் பதற்றத்தோடு எந்த இடம் என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரி என்றதும் பதற்றம் தணிந்து, எந்தக் கட்டில் என்று கேட்டார்கள்.

ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரை மறுநாள் காலையில் வராந்தாவில் மடக்கிப் பிடித்தாள். அவர் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். கட்டில் வரைக்கும் வந்து டிரைவரின் வலது காலைத் தூக்கிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், விரல்களை மடக்கிப் பார்த்தார்.

"நல்ல கால்" என்றார்.

"அதான் சார்! அதான் நானும் சொல்றேன்!" என்று அக்கா கும்பிட்டாள்.

"ரத்த ஓட்டம் பிரமாதமா இருக்கு. இப்படிக் கால் கிடைக்கறது அபூர்வம். அழுகின காலை எடுத்தா காயம் ஆறாது, மறுபடி மறுபடி மேல மேல எடுக்க வேண்டி வரும். இது ஒரே வெட்டுல முடிஞ்சிடும், பத்து நாள்ல ஆறிடும். நீங்க அதிர்ஷ்டக்காரங்கம்மா."

"நல்ல காலை எதுக்கு சார் எடுக்கணும்?"

டாக்டரின் முகம் மாறியது. "அதைத் தீர்மானிக்கறது நான் இல்லையே. நான் இஷ்டத்துக்கு ஒருத்தன் காலைப் பாத்து, இதை வெட்டலாம், இதை வேண்டாம்னு முடிவு பண்ண ஆரம்பிச்சா, எனக்கும் ரவுடிக்கும் என்ன வித்தியாசம்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிரைவர் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. "யோவ், நான் டிரைவர்யா! என் லைசென்ஸைப் பாருய்யா!" என்று கத்தினான். அதுவும் பதிவாகியது: "32-க்கு மனக்குழப்பம். தன்னை டவுன் பஸ் டிரைவர் என்று சொல்லிக்கொள்கிறார். உறங்க மருந்து தரலாம்."

அன்று மதியம் ஓர் இளைஞன் வந்தான். டைல்ஸ் ஒட்டுகிறவன், கை விரல்களில் சிமென்ட் காய்ந்திருந்தது. செத்துப்போன பெரியவரின் மகன் அவன்தான். அப்பாவின் உடம்பை வாங்கப் பிணவறைக்குப் போயிருக்கிறான். உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார், மேலே 32-ல் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நிமிஷம் அதை நம்பி மாடிப்படியில் ஓடி வந்திருக்கிறான். டிரைவரைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அக்கா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். நமக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டான் என்று அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அவனையும் இழுத்துக்கொண்டு சிஸ்டம் சாரிடம் போனாள். போகும்போது அவன் அவள் பக்கம் இருந்தான். திரும்பி வரும்போது இல்லை. ஆபரேஷன் முடிந்தால்தான் அந்த வரி அழியும், வரி அழிந்தால்தான் உடம்பு கிடைக்கும் என்று அவனுக்கும் விளக்கிவிட்டார்கள்.

அவன் டிரைவரின் கட்டில் பக்கத்தில் வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நேத்துலேர்ந்து அப்பாவை வெச்சுக்கிட்டு குடுக்க மாட்டேங்கறாங்க. வீட்டுல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. நாளைக்குக் காலையில தகராறு பண்ணாம இருந்தீங்கன்னா சாயங்காலமே அடக்கம் பண்ணிடுவோம். உங்க காலையும் நாங்களே மரியாதையா அடக்கம் பண்ணிடறோம்ணே."

டிரைவர் அவனை அடிக்கப் பாய்ந்தான். பிறகு இருவருமே அழுதார்கள்.

இனி இங்கே பேசிப் பயனில்லை என்று அக்காவுக்குப் புரிந்தது. புருஷனைக் கைத்தாங்கலாக எழுப்பி, துண்டைப் போர்த்தி, வாசல் வரைக்கும் நடத்திக்கொண்டு போனாள். வாசலில் காவலாளிகள் பாஸ் கேட்டார்கள். பாஸ் கட்டிலின் பெயரில்தான் வரும். பாக்கி இருக்கிற கட்டிலுக்குப் பாஸ் வராது. டிரைவர் முட்டி மோதிப் பார்த்தான். மூன்று பேர் அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, கட்டில் கம்பியோடு ஒரு காலைக் கட்டுத்துணியால் கட்டினார்கள். இடது காலைத்தான் கட்டினார்கள், வலது கால் மறுநாளைக்கு வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா தரச்சான்றிதழ் கொடுக்கிற குழு வார்டுக்குள் வரவேண்டும்! பெரிய டாக்டர் அவர்களைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். 32-க்கு முன்னால் நின்றார்.

"இந்தக் கட்டிலையே எடுத்துக்குங்க" என்றார் பெரிய டாக்டர். "பழைய காலமா இருந்தா என்ன ஆகியிருக்கும்? நோயாளி ஒண்ணு சொல்லுவான், பொண்டாட்டி ஒண்ணு சொல்லுவா, டாக்டர் தன் கண்ணால பாத்துட்டு வேற ஒண்ணு சொல்லுவார். எத்தனை தவறு நடக்க வாய்ப்பு பாருங்க. இப்ப நாங்க யாரையும் கேக்கறதில்லை, எதையும் பாக்கறதில்லை. சிஸ்டம் வந்ததிலேர்ந்து ஒரு கட்டிலுக்கு வேண்டிய சிகிச்சை இன்னொரு கட்டிலுக்குப் போனதா ஒரு புகார் உண்டா? ஒண்ணுகூட இல்லை."

"யோவ் பெரிய டாக்டரு, எனக்குக் கல்லுய்யா!" என்று டிரைவர் அலறினான்.

"கேட்டீங்களா? அறுபத்தெட்டு வயசு. என்ன குரல்!" என்றார் பெரிய டாக்டர். குழு ரசித்துக் குறித்துக்கொண்டது. ஓர் அம்மாள் டிரைவரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். புகைப்படம் எடுத்தார்கள், அது உடனே இன்டெக்ஸில் ஏறியது.

சாயங்காலம் சிஸ்டர் அக்காவைத் தேடி வந்தார். மாத்திரை கொடுப்பது போல் குனிந்து பேசினார்.

"நான் எதுவும் சொல்லல. காலையில டியூட்டி மாறும்போது கொஞ்ச நேரம் வார்டுல யாரும் இருக்க மாட்டோம். அடுத்து வர்ற சிஸ்டர் புதுசு. கட்டில்ல ஆள் இருக்கான்னு மட்டும்தான் பாப்பாங்க. எந்த ஆள்னு பாக்க மாட்டாங்க." அதோடு நிறுத்திக்கொண்டு, பக்கத்துக் கட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காதவள் மாதிரி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். 31 என்பது இன்னமும் தன் புருஷனின் வரிதான். கல், வயது, மருந்து எல்லாம் அதில் பத்திரமாக இருக்கிறது. அவனை அங்கே படுக்க வைத்துவிட்டால் போதும், அவன் அவனாகிவிடுவான். ஆனால் 32 காலியாக இருந்தால் தேடுவார்கள். யாராவது அதில் படுத்திருக்க வேண்டும்.

வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க இதுவரை யாரும் வந்ததில்லை. ஒரே மகள், தூரத்தில் எங்கோ கல்யாணமாகிப் போயிருந்தாள். நேற்று அக்கா அழுதபோது அவர்தான், "அழாதம்மா, யாராவது ஒரு நல்லவங்க குறுக்க வருவாங்க" என்று சமாதானம் சொன்னார். தன் கட்டிலுக்குக் கொடுத்த ஆரஞ்சுப் பழத்தை உரித்து டிரைவருக்குப் பாதி கொடுத்தார். அதெல்லாம் அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும் என்ன செய்ய முடியும்? அவள் பெற்ற இரண்டும் வீட்டில் இருந்தன, புருஷனுக்குத் தெரிந்த ஒரே தொழில் வண்டி ஓட்டுவது.

பொழுது விடிந்தது. பழைய சிஸ்டர் கையெழுத்துப் போடப் போனார், புதிய சிஸ்டர் இன்னும் வரவில்லை. வாட்ச்மேன் விழித்துத் தன் போனைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, போன் செத்துடுச்சா?" என்றாள் அக்கா.

"ஆமாம்மா. காலையில பொண்ணு பேசுவா. எடுக்கலேன்னா பயந்துடுவா."

"இந்தக் கட்டில்கிட்ட பிளக் இருக்குண்ணே. இங்க வந்து படுத்துக்கிட்டே பேசலாம். இவரு அங்க படுத்துக்குவாரு, ஒண்ணுமில்ல."

"உனக்கெதுக்கும்மா சிரமம்?"

"இதுல என்னண்ணே சிரமம்" என்றாள் அக்கா. டிரைவரின் காலில் இருந்த கட்டுத்துணியை அவிழ்த்தாள். டிரைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மெல்ல எழுந்து, சுவரைப் பார்த்தபடி நடந்து, 31-ல் ஏறிப் படுத்து, போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டான். வாட்ச்மேன் 32-ல் படுத்தார். போனைச் செருகினார், விளக்கு எரிந்தது. "நீ நல்லா இருக்கணும்மா" என்றார்.

புதிய சிஸ்டர் வந்தார். 32-க்கு முன்னால் நின்று டேப்லெட்டைப் பார்த்தார், ஊசி போட்டார். வேட்டியை முட்டிக்கு மேலே விலக்கி வலது காலில் நீல மையால் ஒரு கோடு இழுத்தார்.

"இது எதுக்குங்க?" என்று வாட்ச்மேன் கேட்டார். சிஸ்டர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார். வாட்ச்மேன் அக்காவைப் பார்த்தார்.

"எக்ஸ்ரே எடுக்கத்தாண்ணே" என்றாள் அக்கா.

"சளிக்குக் காலையா எடுப்பாங்க?"

"எல்லாம் எடுப்பாங்கண்ணே."

அவர் நம்பினார். ஸ்ட்ரெச்சர் வந்தது. அவரை அதில் மாற்றி வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்காவும் பின்னாலேயே போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. லிஃப்ட் மேல் மாடியில் எங்கோ நின்றிருந்தது. ஸ்ட்ரெச்சர்காரர் பொத்தானை அழுத்திவிட்டுக் கொட்டாவி விட்டார். லிஃப்ட் வரவில்லை. திரும்ப அழுத்தினார்.

வாட்ச்மேனுக்கு ஊசியின் மயக்கம் ஏறத் தொடங்கியிருந்தது. நாக்குக் குழறியது.

"அம்மா... கட்டிலுக்கு அடியில என் செருப்பு இருக்கு. போன மாசம்தான் வாங்கினது. இங்க விட்டா எவனாவது போட்டுக்கிட்டுப் போயிடுவான். நான் வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கறியா?"

"பாத்துக்கறேண்ணே."

"ரெண்டும் அங்கதான் இருக்கும். பாரு."

அக்காவுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. "பாவம்மா நீ, எதுக்கெடுத்தாலும் அழறே" என்று வாட்ச்மேன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரே குதித்து இறங்கி ஓடிவிடுவார். சொல்வதற்கு வேண்டிய நேரமும் இருந்தது. லிஃப்ட் ஒவ்வொரு மாடியாக நின்று நின்று இறங்கி வந்துகொண்டிருந்தது. அது வந்து, கதவு திறந்து, ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளி, கதவு மூடும் வரைக்கும் அக்கா அழுதுகொண்டே நின்றாள். பிறகு செருப்பை எடுத்து வைக்க வார்டுக்குத் திரும்பினாள்.